தனி வேலியும் ஊர் வேலியும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘காடு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மரமடர்ந்த வனமும் காடு. உழுது விதைக்கும் மேட்டு நிலமும் காடு. “அப்பா காட்டுக்குப் போயிருக்காரு” என்று வீட்டில் சொன்னால், மண்வெட்டியோடு போயிருக்கிறார் என்று பொருள். விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் தஞ்சை மாவட்டத்து நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “உங்கள் அப்பா வனக்காவலரா?” என்று வினவினார். சேலத்து நண்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த இரண்டு காட்டையும் பிரித்தறியாத வேறொரு கூட்டம் எங்கள் மலையில் உண்டு. எது காப்புக்காடு, எது கேழ்வரகுக் காடு என்று காட்டெருமைக்கும் தெரியாது, காட்டுப்பன்றிக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் சில சொல்ல விரும்புகிறேன்.

ஏற்காட்டை அறியாதார் நம் கல்லூரியில் இருக்க முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏரி, சீமாட்டி இருக்கை, மே மாதம் மலர்க் கண்காட்சி. ஆயின் அந்த ஏரிக்கு அப்பால் நாகலூர், மஞ்சகுட்டை, வாழவந்தி, வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று ஊராட்சிகள் பரந்து கிடக்கின்றன என்பதைச் சுற்றுலாப் பேருந்தில் வருவோர் அறிவதில்லை. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளி அல்லர். மலையில் வாழும் மலையாளிகள். (சாதிச் சான்றிதழ் காட்டும் இடமெல்லாம் இந்த விளக்கத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது.) சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வந்த இந்த மலைக்கு 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்று பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு. அவற்றின் ஓரங்களில் எங்களைப் போன்றோரின் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் துண்டுகளும் உண்டு. அந்தத் துண்டில் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு, நாலு பலா, நாலு பேரி, வீட்டுக்கு வேண்டிய வாழையும் அவரையும். இதுதான் ஒரு குடும்பத்தின் சொத்து.

இந்தச் சொத்துக்குள் இரவில் யார் யார் வருகிறார்கள்? முதலில் காட்டெருமை. பெயர்தான் எருமையே ஒழிய, அது எருமை இனம் அன்று, மாட்டினம் என்று விலங்கியல் படிக்கும் நண்பர் திருத்துகிறார். எந்த இனமாயினும், வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை நிறை கொண்டது. அது காப்பிச் செடியைத் தின்பதைவிட மிதித்தும் உரசியும் ஒடிப்பதே அதிகம். காப்பி நட்டு மூன்று, நான்கு ஆண்டு கழித்தே காய்க்கும். ஆகவே ஓர் இரவில் இருபது செடி ஒடிந்தால், இழப்பு இருபது செடி அன்று, நான்கு ஆண்டு. இதை எந்த நட்டக் கணக்கிலும் எழுத இடம் இல்லை. அடுத்து காட்டுப்பன்றி. அது மேலே இருப்பதைத் தொடுவதைவிடக் கீழே இருப்பதைக் கிளறுவதில்தான் கெட்டி. மரவள்ளிக் கிழங்கு, வாழைக்கன்று, முற்றிய கேழ்வரகு எல்லாம் அதற்கு ஒன்றே. முள்ளம்பன்றியும் கிழங்குக்கு வரும். பகலில் குரங்கு. மலைப்பாதை வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மனிதனைக் கண்டு அஞ்சாதிருக்க அதைப் பழக்குகிறவர்கள் அவர்கள். பழகிய குரங்கை விரட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

தோட்டத்தை விலங்கிடமிருந்து காப்பது நமக்குப் புதிய தொழில் அன்று. சங்க இலக்கியத்துக் குறிஞ்சித் திணையே தினைப்புனக் காவலில்தான் நடக்கிறது. பகலில் மகளிர் கவணும் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டினர். இரவில் ஆடவர் பரண்மீது தீ மூட்டிப் பன்றியையும் யானையையும் காத்தனர். தமிழ் வகுப்பில் இதைப் பேராசிரியர் விளக்கும்போது காதலுக்குரிய பின்னணியாக மற்றவர்கள் கேட்டார்கள். எனக்கோ ஊர்ச்செய்தி கேட்பதுபோல் இருந்தது. என் தாத்தா காலம் வரை எங்கள் ஊரிலும் பரண் இருந்தது. தகரம் தட்டவும், தீ வளர்க்கவும், விடிய விடியக் குரல் கொடுக்கவும் வீட்டுக்கு ஒரு ஆள் இருந்தது.

அந்த ஆள் இப்போது எங்கே? ஒருவர் எஸ்டேட்டில் நாள் கூலிக்குப் போகிறார். இரவு விழித்தால் காலையில் வேலை ஓடாது. ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இன்னொருவர், இதோ, உங்கள் நடுவில் உட்கார்ந்து வகைநுண்கணிதம் படித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் வந்ததால் எங்கள் காட்டுக் காவலில் ஓர் ஆள் குறைந்தது என்பது வெறும் பேச்சன்று; கணக்கு. மலைப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். படிக்க அனுப்பிய வீட்டின் இரவுக் காவலுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை.

பரண் போன இடத்தில் வேலி வந்தது. இங்கேதான் என் வழக்குத் தொடங்குகிறது.

அண்மைக் காலத்தில் எங்கள் மலையில் வெளியூர்க்காரர் பலர் நிலம் வாங்கி, சிறு பங்களாவும் கட்டி, சுற்றிப் பழமரம் வைத்துக் குடியேறி வருகிறார்கள். ஆசைப்படத்தக்க வாழ்க்கைதான். அவர்கள்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. அவர்கள் செய்யும் முதல் வேலை, நிலத்தைச் சுற்றி வலைக்கம்பி வேலி அடிப்பது. எங்கள் ஊருக்கு மேற்கே அப்படி மூன்று நிலங்கள் அடுத்தடுத்து அடைபட்டன. ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் காட்டெருமைத் தடம் அதில் ஒன்றின் நடுவே போயிற்று. வேலி வந்த பின் அந்த ஆண்டு மழைக்கு எங்கள் பக்கத்துக் காப்பி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. என் அப்பாயி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். அவர் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்: “ஏங் கண்ணு, அவுங்க கம்பி போட்டா மாடு ஆவியாவா போயிரும்? கம்பி இல்லாத காட்டுக்குத்தான் வரும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு தேற்றம் இருக்க முடியுமா? தனி வேலி விலங்கைத் தடுப்பதில்லை, திருப்பி விடுகிறது. யாரிடம் திருப்பி விடுகிறது? வேலி போட வசதி இல்லாதவனிடம். மேற்கே பங்களாக்காரர் போட்டால் எஸ்டேட்டுக்கு. எஸ்டேட்டும் போட்டால் ஒன்றரை ஏக்கர்க்காரனுக்கு. அவனும் கடன் வாங்கிப் போட்டால், பட்டா இல்லாமல் ஓடைக்கரையில் அவரை போட்டிருக்கும் கைம்பெண்ணுக்கு. பணம் எப்போதும் மேலே போகிறது, பன்றி எப்போதும் கீழே வருகிறது.

தனி நிலம், தனி வீடு, தனி வேலி என்ற இந்தக் கனவு அமெரிக்காவில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் ஒருவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் கிடைத்தது. 1874இல் இல்லினாய் மாநிலத்து உழவர் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அந்தப் பரந்த வெளியெல்லாம் வேலியாயிற்று. மேற்கே மழை குறைந்த மேட்டுப் பாலைநிலத்தில் குடியேறியவர்கள் மானுக்கும் முயலுக்கும் எதிராகக் கம்பி கட்டியே காலம் கழித்தார்கள். (அங்கே இருந்த பழங்குடிகள் நிலமிழந்தார்கள் என்பது வேறு கதை, எங்களுக்கு மிகவும் புரிகிற கதை.) 160 ஏக்கர் உள்ளவன் தனியே வேலி அடைக்கலாம். அங்கே அண்டை வீடு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. எங்கள் ஊரிலோ ஒருவர் கூரைத் தண்ணீர் அடுத்தவர் வாசலில் விழுகிறது. அந்தக் கனவை அப்படியே கொண்டுவந்து ஒன்றரை ஏக்கரில் நடுவது பொருந்துமா?

“அப்படியானால் சுட்டுவிடலாமே” என்பார் ஒரு சாரார். காட்டெருமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைத் தொடுவதற்கில்லை, தொடவும் கூடாது. காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுதல் இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. சமவெளி உழவர்களுக்கு இது பயன்படக்கூடும். எங்கள் ஊரிலோ காப்புக்காட்டு எல்லைக்கல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிடித்த பன்றியைக் காட்டுக்குள் விட்டால், அது எங்களை வந்து சேர எத்தனை நாள் ஆகும்?

சட்டம் கைகொடுக்காத இடத்தில் சிலர் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுகிறார்கள். இதன் முடிவைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கு வைத்த திருட்டு மின்கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் மட்டும் தாயின்றி நின்றன. கம்பி வைத்தவரைக் கைது செய்தனர். அவர் செய்தது குற்றமே. ஆயினும் அந்த மனிதர் யானைமீது கோபம் கொண்டவர் அல்லர், தம் பயிரைத் தனியே காக்க முற்பட்டவர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. யானை மட்டுமா? அதே கம்பியை இருட்டில் மிதிப்பது அவருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.

“விலங்கின் வீட்டில் மனிதன் நுழைந்துவிட்டான், அனுபவிக்கட்டும்” என்பார் இன்னொரு சாரார். இவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருப்பவர்கள். சோலையை அழித்துத் தோட்டம் போட்ட துரைமார் யாரும் இன்று எங்கள் ஊரில் இல்லை. காட்டுக்குள் புல் முளைக்கவிடாமல் உண்ணிச்செடி படர்ந்து கிடக்கிறதே, அதை அழகுச் செடியாகக் கப்பலில் கொண்டுவந்தது எங்கள் பாட்டன் அல்ல. புல் இல்லாத காட்டிலிருந்து, நிழலும் நீரும் உள்ள காப்பித் தோட்டத்துக்கு மாடு வருவது இயல்பு. அதற்கு அபராதம் மட்டும் சாமை விதைத்தவன் கட்டவேண்டுமாம்!

நான் சொல்ல வருவது ஊர் வேலி. எல்லாருடைய நிலத்தையும் உள்ளடக்கி, ஊரைச் சுற்றி ஒரே வேலி. இது உணர்ச்சிப் பேச்சு அன்று. நான் படிக்கும் பாடத்தில் சிறு பிள்ளைக் கணக்கு. ஓர் ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர், சுற்றளவு 254 மீட்டர். இப்படி நாற்பது பேர் தனித்தனியே அடைத்தால் பத்தாயிரம் மீட்டருக்கு மேல் வேலி வேண்டும். அதே நாற்பது ஏக்கரை ஒரே சதுரமாகக் கொண்டு சுற்றிலும் அடைத்தால் 1,610 மீட்டர் போதும். ஒருவர் பங்குக்கு 254 மீட்டர் எங்கே, 40 மீட்டர் எங்கே! பரப்பு நாற்பது மடங்கு பெருகும்போது சுற்றளவு ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான் பெருகுகிறது. பக்கத்து நிலத்தார் இருவரும் பொது எல்லைக்கு ஒரே வேலி போட்டால் செலவு ஏறக்குறைய பாதியாகுமே என்று கேட்கலாம். ஆகும், அந்த இருவர் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டாலே ஊர் வேலியில் பாதி வந்துவிட்டது என்பேன். மலையில் சதுர நிலம் ஏது என்றும் கேட்கலாம். கோணல் நிலத்துக்கு எண்கள் மாறும். ஆனால் ஒன்றாய் அடைத்தால் குறைவு என்பது மாறாது.

சூரிய மின்வேலியைப் பற்றி ஒரு சொல். இதில் பேட்டரியிலிருந்து ஒரு கருவி நொடிக்கு ஒரு துடிப்பாக மின்னைக் கம்பிக்கு அனுப்புகிறது. அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. ஆகவே அதிரச் செய்யும், ஆளைக் கொல்லாது. இதற்கு அரசு மானியம் தந்துவருகிறது; காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும் என்று 2023இல் விதிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் கருவி விற்பவர் சொல்லாத ஒன்று உண்டு. கீழ்க்கம்பி பன்றி மூக்கு உயரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் அளவில் இருக்கவேண்டும். ஏற்காட்டு மழைக்கு அந்த ஒரு சாண் இடைவெளியில் புல்லும் கொடியும் வளர இரண்டு வாரம் போதும். ஈரக்கொடி கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலி இருக்கும், வேலை செய்யாது. மூடுபனி மாதங்களில் பேட்டரியும் சோர்ந்துபோகும். ஆகவே வாரம் ஒருமுறை யாராவது அரிவாளோடு வேலியைச் சுற்றிவர வேண்டும். பங்களாக்காரர் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து செய்யமாட்டார். கூலிக்குப் போகும் என் அப்பாவால் தனியே முடியாது. முப்பது குடும்பம் முறை வைத்தால், ஒரு குடும்பத்துக்கு ஏழு மாதத்தில் ஒரு வாரம். நம் முன்னோர் ஏரி மதகுக்கும் கோயில் திருவிழாவுக்கும் முறை வைக்கத் தெரிந்தவர்கள்தாமே?

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மானியம் இப்போது தனி உழவர் பெயருக்கே போகிறது. அவர் பட்டாவும் தம் பங்குத் தொகையும் காட்டவேண்டும். இரண்டும் இல்லாதவரே அதிகம் இழப்பவர். மானியத்தை ஊர்ப் பெயருக்குத் தரட்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டையும் விலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. காட்டைக் காக்கத் தகுதியுள்ள சபை, கம்பிவேலியைக் காக்கத் தகுதியற்றதா? வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கியவரும் அந்த வேலிக்கு ஏக்கர் கணக்கில் பங்கு தரட்டும். அவருடைய தோட்டமும் உள்ளேதானே வரப்போகிறது? தம் சொந்த வேலியைவிடக் குறைந்த செலவில் அவருக்கும் வேலை முடிகிறது.

ஆனால் ஊர் வேலி ஊர் விழுங்கும் வேலியாக ஆகிவிடக் கூடாது. மாட்டுத் தடத்தையும் ஓடையையும் அது வெளியே விட்டுவிட வேண்டும். தண்ணீருக்கு வழி அடைபட்ட கூட்டம் கம்பிக்கு அஞ்சி நிற்கும் என்று நம்புவது பேதைமை. ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்க 1907இல் 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வேலியைக் கட்டி முடித்தார்கள். முடிப்பதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது! வேலி எங்கே போகவேண்டும் என்பதை விலங்கின் காலடியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும், வரைபடத்தைப் பார்த்து அன்று.

சென்ற பொங்கல் விடுமுறையில் நானும் ஊர் நண்பர்கள் இருவரும் நூறு மீட்டர் நாடா ஒன்றை இரவல் வாங்கி, ஊரைச் சுற்றி அளந்தோம். அலைபேசி வரைபடத்திலும் சரிபார்த்துக்கொண்டோம். உள்ளே ஏறக்குறைய 55 ஏக்கர். சுற்றளவு 2,640 மீட்டர். தனித்தனியே அடைத்தால் பதின்மூன்றாயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. கிழக்கிலும் வடக்கிலும் சிக்கல் இல்லை. மேற்கே மட்டும், பங்களா வேலிகளைச் சுற்றிக்கொண்டு காட்டெருமை இறங்கும் புதுத் தடத்தை விட்டுக் கோடு போட்டால், மூன்று குடும்பங்களின் நிலம் கொஞ்சம் வெளியே நிற்கிறது. அவற்றில் ஒன்று எங்களுடைய கால் ஏக்கர். நாலு பலாவில் இரண்டு அங்கேதான் இருக்கின்றன. வெளியே நிற்பவர்களுக்கு ஊர் ஆண்டுதோறும் ஈடு தரவேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிராம சபை மே முதல் நாள் கூடுகிறது. தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய் அவரிடம் மறுபடி கேட்கவேண்டும்.